ட்ரெஞ்ச் கன் நகல் வாங்கலாமா, புது ஷாட்கன் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். முதல் உலகப்போரில் அமெரிக்கப் படைகள் பதுங்குகுழிச் சண்டைக்குப் பயன்படுத்திய வின்செஸ்டர் 1897 ஷாட்கன்னின் (அதைத்தான் ட்ரெஞ்ச் கன் என்கிறார்கள்) நகல் ஒன்று கடையில் தொங்குகிறது. பக்கத்திலேயே புத்தம்புது மாஸ்பெர்க் நிறுவன ஷாட்கன் ஒன்றும் இருக்கிறது. கையில் இருக்கும் காசுக்கு எதை எடுப்பது? என் வீட்டில் இரண்டு வகையும் இருக்கின்றன. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில், இந்த 1897 என்பது என்ன துப்பாக்கி?

ஜான் பிரவுனிங் வடிவமைத்த பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன். யூட்டா மாநிலத்தின் ஆக்டன் ஊர்க்காரர். அமெரிக்கத் துப்பாக்கிகளில் பாதி இவர் மூளையில் பிறந்தவையோ என்று தோன்றும், அவ்வளவு வடிவமைப்புகள். இவருடைய முந்தைய 1893 மாடல் கரிமருந்துக் காலத்துக்காகச் செய்யப்பட்டது. புகையில்லா மருந்து வந்ததும் அழுத்தம் கூடியது. அதைத் தாங்கும்படி உடலைப் பலப்படுத்தி வந்ததுதான் 1897. அந்த ஆண்டு தொடங்கி 1957 வரை உற்பத்தியில் இருந்தது. பத்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

முன்கட்டையைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் பழைய தோட்டா வெளியே போகும், புதியது உள்ளே ஏறும். குழலுக்கு அடியில் இருக்கும் குழாயில் ஐந்து தோட்டா, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில் ஒன்று. பின்பக்கம் குதிரை வெளியே தெரியும். (தோட்டாவின் அடியைத் தட்டும் சுத்தியலைத்தான் நம் ஊரில் துப்பாக்கிக் குதிரை என்பார்கள். ஆங்கிலச் சொல்லைவிட அழகான பெயர், இங்கே அதையே வைத்துக்கொள்கிறேன்.) ஊரில் நாம் "பன்னிரண்டு போர்" என்று சொல்வதும் இங்கே பன்னிரண்டு கேஜ் என்று சொல்வதும் ஒன்றே. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டையாகப் பிடித்தால் ஓர் உருண்டையின் அகலம் எவ்வளவோ அவ்வளவு குழல், ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர்.

அது எப்படி ராணுவத் துப்பாக்கி ஆயிற்று?

பிலிப்பைன்ஸ் போரிலேயே அமெரிக்க ராணுவம் இதைத் தொட்டுப் பார்த்துவிட்டது. ஆனால் பெயர் வாங்கியது 1918-ல், பிரான்ஸில். பதுங்குகுழிக்குள் நேருக்கு நேர் சண்டை. நீண்ட ரைஃபிளைத் திருப்பக்கூட இடம் கிடையாது. அங்கே 20 அங்குலக் குழல் போதும். ஒரு தோட்டாவில் ஏறக்குறைய 8.4 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒன்பது ஈயக் குண்டுகள். குழலின் மேல் துளைபோட்ட இரும்புத் தகடு ஒன்றைச் சுற்றினார்கள். சுட்டுச் சுட்டுக் குழல் கொதிக்கும்போதும் அதைப் பிடித்துக்கொண்டு பயோனெட்டால் (குழல் முனையில் மாட்டும் கத்தி) குத்த வேண்டுமே, அதற்கு. மாட்டியது 1917 மாடல் ரைஃபிளின் பயோனெட். கத்தி மட்டுமே 17 அங்குலம்.

ஜெர்மனிக்கு இது பிடிக்கவில்லை. 1918 செப்டம்பர் 19 அன்று முறைப்படி எதிர்ப்புத் தெரிவித்தது. தேவையற்ற வேதனை தரும் ஆயுதங்களை 1907 ஹேக் உடன்படிக்கை தடுக்கிறது, ஷாட்கன்னோடு பிடிபடும் அமெரிக்க வீரர் உயிரை இழப்பார் என்றது. அமெரிக்க வெளியுறவுச் செயலர் ராபர்ட் லான்சிங் அதை ஏற்கவில்லை. அப்படி ஒருவரைக் கொன்றாலும் பதிலடி இருக்கும் என்று திருப்பிச் சொன்னார். நச்சு வாயுவையும் தீப்பீய்ச்சிகளையும் பயன்படுத்திக்கொண்டிருந்த தரப்பு ஷாட்கன்னைப் பற்றி முறையிட்டது என்பதை வரலாற்று ஆர்வலர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அடுத்த இரண்டு மாதத்துக்குள் போரே முடிந்துவிட்டது.

உண்மையில் அந்தத் துப்பாக்கிக்குப் பெரிய எதிரி ஜெர்மனி இல்லை, ஈரம். அந்தக் காலத் தோட்டாவின் உறை காகிதம். பதுங்குகுழிச் சேற்றில் நனைந்து உப்பிவிட்டால் அறைக்குள் போகாது. பிறகுதான் பித்தளை உறை செய்தார்கள்.

நகல் என்றால் யார் செய்வது? ஒரிஜினலையே வாங்கினால் என்ன?

சந்தையில் அதிகம் தென்படுவது சீனாவின் நோரின்கோ செய்த 97. அமெரிக்காவுக்கு இன்டர்ஸ்டேட் ஆர்ம்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது. தகடும் பயோனெட் மாட்டும் கொக்கியும் உள்ளது ஒரு வகை, வெறும் குட்டைக் குழல் ஒரு வகை. சீனத் துப்பாக்கி அமெரிக்காவுக்குள் வர 1994-ல் தடை போட்டார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தடையில் ஷாட்கன்களுக்கு விலக்கு இருந்தது, அந்த வழியாக வந்தவை இவை. புதிதாகக் கிடைக்கிறதா என்பது காலத்துக்குக் காலம் மாறும். பழைய கையிருப்போ பயன்படுத்தியதோதான் பெரும்பாலும் கண்ணில் படும்.

ஒரிஜினல் ட்ரெஞ்ச் கன் ஆயிரக்கணக்கான டாலர். அதைவிடப் பெரிய தலைவலி, போலி. சாதாரண வேட்டைத் துப்பாக்கி 1897 லட்சக்கணக்கில் இருக்கிறது. குழலை அறுத்து, தனியாகக் கிடைக்கும் தகட்டை மாட்டி, "போர்க்காலத்துப் பொருள்" என்று விற்பது பழைய தொழில். வாங்கப் போனால் இரண்டு விஷயம் பாருங்கள். ராணுவத்துக்குப் போனதில் "யு.எஸ்." என்ற எழுத்தும் தீப்பிழம்பு எழும் குண்டின் முத்திரையும் இருக்கும். அப்புறம் குழலின் அடிப்பக்கம் பொறித்திருக்கும் சோக் அடையாளம், அதாவது குழல் முனை எவ்வளவு குறுகுகிறது என்பதைக் காட்டும் எழுத்து. ட்ரெஞ்ச் கன் குழல் முனையில் குறுகாது, நேராகப் போகும். ஆகவே "சி.ஒய்.எல்." என்று இருக்க வேண்டும். "ஃபுல்" என்று இருந்தால் 30 அங்குல வாத்துவேட்டைக் குழலை யாரோ அறுத்திருக்கிறார்கள். முத்திரையைப் போலியாகவும் அடிக்க முடியும். ஆனால் அறுத்தவர் இந்த எழுத்தை மறந்துவிடுவதுதான் வழக்கம்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவருக்குத்தான் நகல். அது நகல் என்பது அதன் மேலேயே எழுதியிருக்கிறது.

நகல் கையில் எப்படி இருக்கும்?

தூரத்தில் இருந்து பார்த்தால் அசலேதான். கையில் எடுத்தால் தெரியும். வின்செஸ்டரின் ஓட்டம் அறுபது எழுபது வருடம் தேய்ந்து வழவழப்பானது, எண்ணெய் தடவிய இழுப்பறை போலப் போய் வரும். நகலின் ஓட்டத்தில் முதலில் ஒரு கரகரப்பு இருக்கும். சில நூறு தோட்டா சுட்ட பிறகு படிந்துவிடும். மரக்கட்டைக்குப் பூசிய சாயம் பலருக்குப் பிடிப்பதில்லை. அதைச் சுரண்டி ஆளி விதை எண்ணெய் தேய்ப்பது நகல்காரர்களின் சடங்கு, நானும் ஒரு மழைநாளில் செய்தேன்.

பழைய வின்செஸ்டர் உதிரிப்பாகம் அப்படியே பொருந்தும் என்று நம்பி வாங்காதீர்கள். பொருந்தினால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் அரத்தோடு உட்கார வேண்டும். இந்தத் துப்பாக்கிக்குள் பாகங்களும் அதிகம். பிரித்துவிட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போனவர்கள் உண்டு. நான் போனேன். எங்கள் ஊர்த் துப்பாக்கி மெக்கானிக் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே பம்ப் செய்தால் சுட்டுக்கொண்டே போகுமாமே?

ஆமாம். ஸ்லாம் ஃபயர் என்பார்கள். இன்றைய பம்ப் ஷாட்கன்களில் விசையை ஒவ்வொரு முறையும் விட்டுப் பிடித்தால்தான் சுடும். இடையில் தொடர்பைத் துண்டிக்கும் ஒரு பாகம் இருக்கிறது. 1897-ல் அது கிடையாது. விசை அழுத்தியபடியே இருந்தால், கட்டை முன்னால் போய்ப் பூட்டிய நொடியில் குதிரை விழும். பின்னால் வந்த வின்செஸ்டர் மாடல் 12-லும், பழைய இதாகா 37-லும் இதே கதை. நகலிலும் உண்டு, நகல் என்றால் இதையும் சேர்த்துத்தான்.

வாங்குபவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இதற்காகவே வாங்குகிறார்கள் என்பது என் சந்தேகம். ஆனால் இப்படிச் சுடும்போது எதுவும் குறியில் படுவதில்லை, தோட்டாதான் காலி. பதற்றத்தில் விரல் விசையில் இருந்தபடியே பம்ப் செய்தால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். போரில் எதிரி அந்தப் பக்கம், நம் ஆள் இந்தப் பக்கம். வீட்டில் எல்லாப் பக்கமும் நம் ஆட்கள்.

பாதுகாப்புப் பொத்தான் எங்கே இருக்கிறது?

இல்லை. குதிரையைப் பாதி ஏற்றி நிறுத்துவதுதான் ஒரே பாதுகாப்பு. அந்த நிலையில் கட்டையும் நகராது, விசையும் விழாது.

கேட்க நன்றாக இருக்கிறது. செய்து பார்க்கும்போதுதான் சிக்கல். அறையில் உயிருள்ள தோட்டா, குதிரை முழுக்க ஏறியிருக்கிறது. அதைப் பாதிக்கு இறக்க, கட்டை விரலால் குதிரையைப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தி மெல்ல விட வேண்டும். வியர்வையில் விரல் வழுக்கினால் வெடிக்கும். பழகிய கை செய்துவிடும். நடு இரவில் தூக்கக் கலக்கத்தில் எழுந்த கை செய்யக் கூடாது. இதைச் சுடும் பயிற்சி இடத்தில் வைத்துப் பயன்படுத்துங்கள், துப்பாக்கி அறையில் தோட்டா இல்லாமல். சுட வேண்டிய நேரத்தில் மட்டும் ஏற்றுங்கள்.

அப்படியானால் வீட்டுப் பாதுகாப்புக்கு வேண்டாம் என்கிறீர்களா?

வேண்டாம். நூறு வருடத்துக்கு முன் இதைவிட நல்லது இல்லை. இன்றைக்கு இருக்கிறது. 1897-ஐ அழகாக்குவது எல்லாமே, அதாவது வெளியே தெரியும் குதிரை, விட்டுப் பிடிக்கத் தேவையில்லாத விசை, பொத்தான் இல்லாத எளிமை, இவை ஒவ்வொன்றும் வீட்டுக்கு ஆகாத காரணம். நகல் வாங்கி அதையே கட்டிலுக்கு அருகில் வைத்து "ஒரே கல்லில் இரண்டு மாங்காய்" என்று நினைப்பவர்களுக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன்.

கூடவே ஒரு மூடநம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஷாட்கன் என்றால் குறி பார்க்கத் தேவையில்லை, குண்டு விசிறிபோல் விரியும் என்பது. வீட்டுக்குள் ஐந்தாறு மீட்டர் தூரத்தில் நேர்க்குழலில் இருந்து போகும் குண்டுகள் ஒரு சாண்கூடப் பரவாது. குறி பார்த்தே ஆக வேண்டும். சுவரையும் துளைத்துக்கொண்டு போகும். அடுத்த அறையில் யார் தூங்குகிறார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் எந்தத் துப்பாக்கியானாலும் பூட்டிய பெட்டிக்குள், தோட்டா வேறு இடத்தில்.

புதியதில் எதைப் பார்க்கலாம்?

மாஸ்பெர்க் 590ஏ1. தடித்த குழல், உலோகத்தால் ஆன விசைக்காப்பு, அமெரிக்க ராணுவத்தின் 3,000 தோட்டாச் சோதனையைத் தாண்டியது. பாதுகாப்புப் பொத்தான் மேல்பக்கம், கட்டை விரல் தானாகப் போகும் இடத்தில் இருப்பதால் இடது கைக்காரருக்கும் சிரமமில்லை. 20 அங்குலக் குழலில் எட்டுத் தோட்டா போகும். 3 அங்குலத் தோட்டாவும் ஏற்கும். 1897 நகலுக்கு 2¾ அங்குலம்தான்.

ரெமிங்டன் 870, 1950 முதல் வருகிறது, ஒரு கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. பழையதைத் தேடி வாங்குவது என் விருப்பம். எந்த அடகுக் கடையிலும் ஒன்று இருக்கும்.

தானாகத் தோட்டா மாறும் வகை வேண்டுமானால் பெனெல்லி எம்4. 1999-ல் அமெரிக்க மரைன் படை எம்1014 என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது. நல்ல பொருள்தான், ஆனால் விலையைப் பார்த்தால் கண் இருட்டும்.

பழைய தோற்றமும் வேண்டும், புது இயக்கமும் வேண்டும். நடுவழி இருக்கிறதா?

இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. மாஸ்பெர்க் தன் 590ஏ1-ஐ ரெட்ரோகிரேட் என்ற பெயரில் வால்நட் மரக்கட்டையோடும், சோளக்கதிர் போல வரிவரியான முன்கட்டையோடும், துளைத் தகட்டோடும் செய்தது. பயோனெட் கொக்கியும் உண்டு, ஆனால் அதில் போவது எம்7, எம்9 என்ற பிற்காலத்துக் கத்திகள். முதல் உலகப்போர் நாடகத்துக்கு வேடம் கட்ட முடியாது. ஆனால் சுவரில் மாட்டினால் கண்ணுக்கு நிறைவு, எடுத்தால் வேலை செய்யும். ஒரே துப்பாக்கிக்குத்தான் காசு இருக்கிறது, பழமையும் பிடிக்கும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

பிறகு நகல் யாருக்குத்தான்?

கௌபாய் ஆக்‌ஷன் போட்டிக்காரர்களுக்கு. 1987-ல் தொடங்கிய சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி நடத்தும் விளையாட்டு இது. தொப்பி, பூட்ஸ், ஆளுக்கொரு புனைபெயர் என்று ஞாயிற்றுக்கிழமை வெயிலில் பெரியவர்கள் குழந்தைகளாகிவிடுவார்கள். குதிரை வெளியே தெரியாத பம்ப் ஷாட்கன்னுக்கு அந்த முக்கியப் போட்டியில் இடமில்லை. ஆகவே 1897-ம் அதன் நகலும்தான் பம்ப் பிரியர்களின் வழி. ஒரே நேரத்தில் இரண்டு தோட்டாவுக்கு மேல் போடக் கூடாது. ஆக, பழைய இரட்டைக் குழல் துப்பாக்கிக்காரரும் நீங்களும் ஏறக்குறைய சமம். ஒரிஜினலை வெயிலிலும் தூசியிலும் போட்டு அடிக்க மனம் வராது. நகலில் கீறல் விழுந்தால் துடைத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம்.

அப்புறம், முதல் உலகப்போர் வேடமிட்டு நடித்துக் காட்டும் குழுக்கள். அப்புறம், என்னைப் போல, இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதில் சந்தோஷம் காண்பவர்கள். பின்னால் இழுக்கும்போது அடிவயிறு திறந்து தோட்டாத் தூக்கி கீழே இறங்குவதும், போல்ட் (தோட்டாவின் பின்னால் அறையை அடைக்கும் இரும்புத் துண்டு) பின்பக்கம் துருத்திக்கொண்டு வருவதும், எல்லாம் கண்ணெதிரே நடக்கும். புதியவற்றில் எல்லாம் உள்ளுக்குள் மறைந்துவிட்டது.

துருத்திக்கொண்டு வரும் போல்ட் கையைக் கிழிக்குமா?

கிழிக்கும். கட்டை விரலைப் பழக்கத்தில் மேலே ஏற்றிப் பிடித்தால், விரல் இடுக்குச் சதையைக் கொத்திக்கொண்டு போகும். எனக்கு முதல் நாளே ஆயிற்று. குற்றம் துப்பாக்கியுடையது இல்லை, பக்கத்தில் நின்றவர் இரண்டு முறை சொன்னார். விரலைப் பின்பக்கத்து மரக்கட்டையின் பக்கவாட்டில் வையுங்கள்.

தோட்டா இல்லாமல் விசையை அழுத்திவிட்டேன். இப்போது கட்டை பின்னால் வர மறுக்கிறது. கெட்டுவிட்டதா?

இல்லை. கட்டையை லேசாக முன்னால் தள்ளிவிட்டு இழுங்கள். சுடும்போது பின்னுதைப்பு அந்த வேலையைச் செய்துவிடும், அதனால் தெரியாது. கடையில் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள் "ரிப்பேர்" என்று திருப்பி வைத்துவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? எச்-1பி-யில் இருப்பவர் வாங்கலாமா?

இதை எல்லாரும் கடைசியில் கேட்கிறார்கள், முதலில் கேட்க வேண்டியது. எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வாங்குவது மட்டுமில்லை, நண்பனோடு சுடும் இடத்துக்குப் போய்க் கையில் எடுப்பதுகூட இதில் வரும். சில விலக்குகள் உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அவற்றில் ஒன்று. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. விசா நிலைமையோடு விளையாட வேண்டாம். சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.

இன்னொரு வேடிக்கை. 1898-க்குள் செய்யப்பட்ட துப்பாக்கி கூட்டாட்சிச் சட்டப்படி பழம்பொருள். அதனால் முதல் இரண்டு ஆண்டுகளில் பிறந்த 1897 ஒன்று அகப்பட்டால் அது வேறு கணக்கு. ஐம்பது ஆண்டு தாண்டிய ஒரிஜினல், சேகரிப்பாளர் உரிமம் வைத்திருப்பவருக்குத் தனி வழியில் போகும். நகலுக்கு இரண்டுமே கிடையாது. நேற்றுச் செய்த துப்பாக்கிக்கு உள்ள படிவம், பின்புலச் சோதனை எல்லாம் உண்டு. குழல் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 20 அங்குலக் குழலோடு இருக்கும்வரை கவலையில்லை, அழகுக்காக அறுக்காதீர்கள். மாநிலச் சட்டங்கள் வேறு வேறு.

தாத்தா காலத்து ஒரிஜினல் 1897 ஒன்று நண்பர் வீட்டில் இருக்கிறது. சுடலாமா?

துப்பாக்கி மெக்கானிக் பார்த்த பிறகு. பதினாறு கேஜ் என்றால் இன்னும் கவனம், பழைய பதினாறின் அறை இன்றைய தோட்டாவைவிடக் குட்டை. தோட்டா உள்ளே போய்விடும், சுட்டதும் அதன் வாய் விரிய இடம் இருக்காது, அழுத்தம் எகிறும்.

நகலோடு பயோனெட் வருமா?

எல்லாவற்றோடும் வராது. 1917 மாடலைத் தனியாகத் தேடுங்கள். நூறு வயது கடந்த ஒரிஜினல் கத்தியே துப்பாக்கிக் கண்காட்சிகளில் கிடைக்கும். மாட்டிவிட்டு வரவேற்பறையில் திரும்பிப் பார்க்காதீர்கள். எங்கள் வீட்டு மின்விசிறியின் ஓர் இதழில் இன்னும் வெட்டு இருக்கிறது.